மூடியை எடுத்தது தவறல்ல

எங்கள் பணிமனையில் ஏசி பிரிவைப் பார்த்துக்கொண்ட பெண்ணை எல்லோரும் முள்ளக்கா என்றுதான் அழைப்போம். கேஸ் அழுத்தம் காட்டும் கேஜின் இரண்டு முட்களைப் பார்த்தே வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் என்பதால் வந்த பெயர். பேச்சு குத்தும் என்பதால் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டும் உண்மைதான். அவரைவிட நான் நான்கு வயது மூத்தவன். பணிமனையின் ஸ்டோர் பொறுப்பு என்னுடையது. ஆனாலும் நானும் அக்கா என்றே கூப்பிட்டேன்.

அவர் எங்களிடம் வருவதற்கு முன் பதினோரு வருடம் ஃபிரிட்ஜ் செய்யும் தொழிற்சாலையில் செம்புக் குழாய்களைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இங்கே வேலை கேட்டு வந்த அன்று எங்கள் ஃபோர்மேன் அவரை மேலும் கீழும் பார்த்து, "ஸ்பானர் பிடிச்சிருக்கியாம்மா?" என்றார்.

"பிடிச்சா கடிக்குமாண்ணே?"

ஃபோர்மேன் சிரித்துவிட்டார். அன்றே வேலை. ஃபோர்மேனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இருபத்தாறு வருட அனுபவம். வண்டி வாசலுக்குள் நுழையும் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் இருமுகிறது என்று சொல்வார். முள்ளக்கா குள்ளம், பானெட்டுக்குள் கை எட்டவில்லை என்று கண்டதும், பழைய இரும்பை வெட்டித் தானே ஒரு படி செய்து கொடுத்தவர். கெட்டவர் இல்லை. அதனால்தான் நடந்தது எல்லோரையும் சங்கடப்படுத்தியது.

எங்கள் நிறுவனத்தின் வேன்களில் ஒன்று தினமும் காலை ஆறு மணிக்கு நோயாளிகளை மேட்டு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லும். சிறுநீரகம் பழுதாகி, மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொள்ளப் போகிறவர்கள். பதினோரு பேர். கண்ணாடி திறக்காத வண்டி. ஏசி நின்றால் உள்ளே வெந்துபோக வேண்டியதுதான். ஓட்டுநருக்கு விசில் என்று பெயர். ரிவர்ஸ் எடுக்கும்போது தனக்குத்தானே விசில் அடித்துக்கொள்வார்.

அந்த வேன் ஏசி கோளாறு என்று முதல்முறை வந்தபோது குழாய் இணைப்பு ஒன்றில் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு. சோப்பு நுரை தடவியதும் குமிழ் குமிழாகப் பொங்கியது. வளையத்தை மாற்றி, கேஸ் ஏற்றி அனுப்பினார் அக்கா. அது சரியான வேலை. இரண்டு வாரம் கழித்து அதே வேனின் எஞ்சினுக்கு மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி ஃபோர்மேன் தானே ஒரு வேலை செய்தார். அதற்குப் பிறகு மறுபடியும் ஏசி வரவில்லை என்று வேன் வந்தது. அன்று ஐந்து வண்டிகள் வரிசையில் நின்றன. அக்காவின் மகளுக்கு வீட்டில் காய்ச்சல். கேஜ் மாட்டாமலே கொஞ்சம் கேஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்.

இப்போது மூன்றாவது முறை.

"ஏசி வருதுக்கா," என்றார் விசில். "மேட்டுல பாதி தூரம் ஏறினதும் போயிடுது. உச்சியில பத்து நிமிஷம் நிறுத்தி வெச்சா திரும்ப வருது. இறங்கும்போது ஜில்லுன்னு இருக்கு."

"அப்போ கேஸ் கசியல," என்றார் அக்கா.

"எப்படிக்கா? இன்னும் பானெட்டையே தூக்கலையே?"

"கசிஞ்சு போன கேஸ் இறக்கத்துல திரும்பி வருமா? போனது போனதுதான். திரும்பி வருதுன்னா யாரோ நிறுத்தி நிறுத்தி விடுறாங்கன்னு அர்த்தம்." பானெட்டைத் தூக்கிக்கொண்டே கேட்டார். "ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துறியா?"

"ரெண்டு நாளைக்கு ஒரு லிட்டர் குடிக்குது. ஃபோர்மேன் அண்ணன்கிட்ட சொன்னேன். பழைய வண்டின்னா குடிக்கத்தான் செய்யும்னாரு."

"குடிச்சது எங்கேயாவது போகணும்ல. கீழ ஒரு சொட்டு இல்ல. வண்டிக்குள்ள கால் வைக்கிற மிதியடி ஈரமா?"

"இல்ல."

அக்கா கேஜை மாட்டினார். ஒரு நீல முகம், ஒரு சிவப்பு முகம். வேடிக்கை பார்க்க நானும் போய் நின்றேன். கேஸ் கசிந்திருந்தால் இரண்டு முட்களும் சோர்ந்து கீழே படுத்திருக்க வேண்டும். அவை இருக்க வேண்டிய இடத்தையும் தாண்டி எழுந்து நின்றன. அக்கா குனிந்து முட்களை இன்னொரு முறை பார்த்தார். பிறகு தன் நெற்றியில் தானே ஒரு தட்டு தட்டிக்கொண்டார்.

"போன தடவ நான் ஏத்தினதே அதிகம். ஏசியோட சூட்டை வெளிய விடுற ஜல்லடை ரேடியேட்டருக்கு முன்னாடிதான் இருக்கு. கேஸ் அதிகமானா அது கொதிக்கும். அந்த அனல் நேரா ரேடியேட்டர் மூஞ்சியில அடிக்கும். ஏற்கெனவே காய்ச்சல்காரன், அவன் பக்கத்துல நான் அடுப்பையும் மூட்டி விட்டிருக்கேன்."

அதிகமாக இருந்த கேஸை மெஷினில் உறிஞ்சி எடுத்தார். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். தண்ணீருக்குள்ளிருந்து பொடிப் பொடியாகக் குமிழ்கள் வந்தன. முதலில் வரும் ஒன்றிரண்டு குமிழ் எல்லா வண்டியிலும் உண்டு என்றார். இவை நிற்கவில்லை. அடுப்பில் வைத்த உலை போல வந்துகொண்டே இருந்தன.

"எஞ்சின்ல எரியற புகை தண்ணிக்குள்ள வருதுன்னு நினைக்கிறேன்," என்றார். "சூடு தாங்கலன்னு வண்டியோட கம்ப்யூட்டர்தான் ஏசிய நிறுத்துது. என்னைக் காப்பாத்துன்னு அது கையெடுத்துக் கும்பிடுது. நாம அதுக்கு கேஸ் ஏத்திக்கிட்டு இருக்கோம்."

அந்த நேரம் பார்த்து ஃபோர்மேன் வந்தார்.

"என்னம்மா, கேஸ் ஏத்தியாச்சா?"

"குறைச்சாச்சுண்ணே."

"என்னது?"

அக்கா விளக்கினார். ஃபோர்மேன் பாதி கேட்டதும் கையை உயர்த்தினார். "எஞ்சின் என் பிரிவு. ஏசி உன் பிரிவு. ஹெட் வேலைய நானே என் கையால முடிச்சேன். உன் வீட்டுக் குப்பையைக் கொண்டுவந்து என் வாசல்ல கொட்டாத."

"குப்பை யாரோடதுன்னு பார்த்துடலாமே. தண்ணியில புகை கலந்திருக்கான்னு பார்க்கிற நீல மருந்து ஸ்டோர்ல இருக்கு. பத்து நிமிஷ வேலை."

"அதை எடுக்க என் கையெழுத்து வேணும். நான் போட மாட்டேன்."

அங்கிருந்த மெக்கானிக்குகள் எல்லாம் திடீரென்று தங்கள் வேலையில் மும்முரமானார்கள். ஃபோர்மேன் வேலைச்சீட்டை அக்காவிடம் நீட்டினார். "ஏசி கேஸ் கசிவு, சரிசெய்யப்பட்டது. எழுதிக் கையெழுத்துப் போடு. காலைல ஆறு மணிக்கு இந்த வண்டி மேடு ஏறணும்."

அக்கா என்னிடம் சிவப்புப் பேனா வாங்கினார். எழுத்துக் கூட்டி எழுதுபவர் போல மெதுவாக எழுதினார். "இந்த வண்டியில் கேஸ் கசிவு இல்லை. எஞ்சின் சூடாகிறது. மேட்டுக்கு அனுப்பக் கூடாது." கீழே கையெழுத்து.

ஃபோர்மேன் படித்தார். சீட்டை நான்காகக் கிழித்தார்.

"சீட்டைக் கிழிச்சா காய்ச்சல் இறங்கிடுமாண்ணே?"

"ரொம்பப் பேசாத. நீ இல்லன்னா கேஸ் ஏத்த எனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தரைக்கூட உங்களுக்குத் தெரியாது. பாதி மேட்டுல வண்டி புகைஞ்சு நின்னா, கண்ணாடி திறக்காத பெட்டிக்குள்ள அவங்க உக்காந்திருப்பாங்க. எழுந்து நடக்கத் தெம்பிருந்தா அவங்க ஏன் நம்ம வேன்ல வராங்க?"

ஃபோர்மேன் கிழித்த துண்டுகளைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு போய்விட்டார். மாலை ஐந்து மணிக்கு அக்கா கை கழுவினார். ரேடியேட்டர் மூடியைத் துணியில் துடைத்து, காலியான சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டு மூடினார். ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. எல்லோர் கண்முன்னாலும்தான். விசிலிடம் சொன்னார்.

"மூடி என்கிட்ட இருக்கு. அது இல்லாம தண்ணி கொதிச்சு வெளிய வந்துடும், வண்டிய எடுக்க முடியாது. யார் கேட்டாலும் சொல்லு. காலைல ஜன்னல் திறக்கிற பழைய வேனை எடுத்துட்டுப் போ. தூசி வரும். ஆனா எல்லாரையும் கொண்டுபோய்ச் சேர்த்துடும்."

அவர் வாசலைத் தாண்டிய கால் மணி நேரத்தில் ஃபோர்மேன் ஸ்டோர் ஜன்னலில் வந்து நின்றார். "அந்த வேனுக்கு ரேடியேட்டர் மூடி ஒண்ணு கொடு."

எனக்கு வீரம் கிடையாது. மேலதிகாரியிடம் எதிர்த்துப் பேசியதாக என் வாழ்க்கையில் ஒரு சம்பவம்கூட இல்லை. என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் மூன்று மூடிகள் இருந்தன. "இருப்பு இல்லண்ணே," என்றேன். குரல் எலியின் குரல் போல வந்தது. அவர் என்னை ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்.

அக்காவின் கணவர் பேக்கரியில் அடுப்பு வேலை செய்பவர். வாயடிப்பதில் மனைவிக்குச் சளைத்தவரில்லை. அன்று மாலை பாத்திரம் கழுவ டப்பாவைத் திறந்தவர், "இன்னிக்குச் சாப்பாடு கொஞ்சம் கெட்டியா இருந்திருக்கும் போல," என்றாராம். விஷயத்தைக் கேட்டதும் மகள்தான் பயந்தாள். "வேலை போயிட்டா என்னம்மா பண்றது?"

"வேலை போனா வேற வேலை. எனக்கு அதுல கவலை இல்ல," என்றார் அக்கா. "ரெண்டாவது தடவ கேஜ் மாட்டாம ஏத்தினேன் பாரு, அதுதான் உறுத்துது. நாளைக்கு அதையும் சொல்லணும்."

கணவர் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தார். "அதைச் சொன்னா உன்னையே பிடிச்சுக்குவாங்க. வாயைத் திறக்காத."

"சொல்லாம இருந்தா அவரைக் கேள்வி கேக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

இதை அவர் கணவரே பின்னால் என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலை பழைய வேன் மேட்டுக்குப் போயிற்று. எட்டு மணிக்கு மேனேஜர் அறைக்கு அக்காவைக் கூப்பிட்டார்கள். ஸ்டோர் ஆள் என்பதால் என்னையும். ஃபோர்மேன் சுவரோரம் நின்றார். மேனேஜரின் மேசை மேல் வேலைநீக்கக் கடிதம் ஒன்று தயாராக இருந்தது.

"கம்பெனிப் பொருளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுக்கு என்ன பேர் தெரியுமா?" என்றார் மேனேஜர்.

அக்கா டப்பாவைத் திறந்து மூடியை மேசை மேல் வைத்தார். "திருடினவங்க ஒளிச்சு வெப்பாங்க சார். நான் ஊருக்கே சொல்லிட்டு எடுத்தேன்."

"உங்க பிரிவுல மூணு தடவ அந்த வேன் வந்திருக்கு. நீங்க சரியா வேலை செய்யலன்னு ஃபோர்மேன் சொல்றாரு."

"ஒரு தடவ சரியா செஞ்சேன். ஒரு தடவ தப்பா செஞ்சேன். அவசரத்துல கேஜ் பார்க்காம கேஸ் ஏத்தினேன். வண்டி இன்னும் சூடாக அதுவும் ஒரு காரணம். எழுதிக்கோங்க, கையெழுத்துப் போடுறேன்."

மேனேஜர் இதை எதிர்பார்க்கவில்லை. ஃபோர்மேனும்தான்.

"ஆனா மூணாவது தடவயும் அதையே செய்னு சொன்னா செய்ய மாட்டேன். நான் சொல்றது பொய்யின்னா அந்த நீல மருந்தை எடுத்து எல்லார் முன்னாடியும் பார்ப்போம். மருந்து நீலமாவே இருந்தா நான் இங்கிருந்தே வீட்டுக்குப் போயிடுறேன். கடிதம்கூட வேண்டாம்."

"அதுக்கு ஃபோர்மேன் கையெழுத்து வேணுமே," என்றார் மேனேஜர், தப்பிக்க வழி கிடைத்தவர் போல.

அப்போது என் வாயிலிருந்து வார்த்தை வந்தது. எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. "கையெழுத்து நான் போடுறேன் சார். ஸ்டோர் என் பொறுப்பு." அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "பரவாயில்லையே ஸ்டோரு," என்றார்.

பெட்டியின் சீல்கூட உடைக்கப்படாமல் இருந்தது. கண்ணாடிக் குழாய் ஒன்று, சின்ன பாட்டிலில் மருந்து. ரேடியேட்டரின் வாயில் குழாயை வைத்து, மருந்தை ஊற்றி, பம்பை அழுத்தினால், தண்ணீருக்கு மேலே உள்ள காற்று மருந்துக்குள் ஏறி வரும். அதில் எஞ்சின் புகை இருந்தால் நீலம் மாறி மஞ்சளாகும். பணிமனை மொத்தமும் வேனைச் சுற்றி நின்றது. எஞ்சின் ஓடியது. அக்கா ஃபோர்மேன் செய்துகொடுத்த இரும்புப் படியின் மேல் ஏறி நின்று, நிதானமாக அழுத்தினார்.

பத்து அழுத்தல். நீலம். ஃபோர்மேன் தொண்டையைச் செருமினார். இருபது. நீலம்தான். இதில் என் கையெழுத்து வேறு இருக்கிறது. எஞ்சின் சூடேறச் சூடேற மருந்தின் அடிப்பாகத்தில் பாசி போல ஒரு பச்சை படர்ந்தது. அது மேலே ஏறியது. பச்சை வெளுத்தது. பிறகு குழாய் முழுவதும் எலுமிச்சைச் சாறு நிறம்.

"மருந்து பழசு," என்றார் ஃபோர்மேன். "வெச்சு வெச்சுக் கெட்டிருக்கும்."

"நியாயம்தான்," என்றார் அக்கா. குழாயைக் கழுவினார். அதே பாட்டிலிலிருந்து புது மருந்தை ஊற்றினார். பக்கத்தில் நின்ற வேறொரு வேனைச் சூடேற்றி அதில் வைத்து நூறு முறை அழுத்தினார். எண்ணியது விசில், சத்தமாக. நீலம் நீலமாகவே நின்றது.

ஃபோர்மேன் தன் கையுறையை மாட்டிக்கொண்டார். "ஹெட்டைக் கழட்டுங்கடா," என்றார்.

மதியத்துக்குள் கழற்றிவிட்டார்கள். ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட் ஓரிடத்தில் கருகி, தண்ணீர் போகும் துளை வரை கோடு இழுத்திருந்தது. ஃபோர்மேன் ஹெட்டின் மேல் இரும்பு அளவுகோலை வைத்து, அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ஹெட் வளைந்திருக்கிறது. முதல்முறை கழற்றியபோதே கடைசல் பட்டறைக்கு அனுப்பிச் சமப்படுத்தியிருக்க வேண்டும்.

மேனேஜர் கேட்டார். "ஏன் அப்போ அனுப்பல?"

ஃபோர்மேன் அளவுகோலைக் கீழே வைத்தார். மேனேஜரிடமிருந்து அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தது. முகம் சிவந்தது. "கடைசலுக்கு நாலு நாள் ஆகும்னு சொன்னேன் சார். மூணாவது நாள் வண்டி ரோட்டுல இருக்கணும்னு என் தலைமாட்டுல நின்னது யாரு?"

இருபத்தாறு வருடத்தில் ஃபோர்மேன் மேனேஜரிடம் குரல் உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல்முறை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அங்கே பாவத்தை மூன்று பேர் பங்கு போட்டிருந்தார்கள். ஒருவர்தான் தன் பங்கை வாய்விட்டுச் சொன்னார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் மேனேஜருக்குத் தன் மேசை மேலிருந்த கடிதத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. மாலையில் அக்காவைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"வேன் விஷயத்துல நீங்க சொன்னது சரி. ஆனா மூடியை எடுத்தது ஒழுங்கு மீறல். மன்னிப்புன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுங்க. இதை இத்தோட மறந்துடலாம்."

அக்கா தாள் வாங்கி எழுதினார். நான்கு வரி. "அழுத்தம் பார்க்காமல் கேஸ் ஏற்றியது என் தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மூடியை எடுத்தது தவறல்ல. அதே நிலை வந்தால் மறுபடியும் எடுப்பேன்."

"கடைசி ரெண்டு வரி வேண்டாமே," என்றார் மேனேஜர்.

"அந்த ரெண்டு வரிக்காகத்தான் சார் முதல் ரெண்டு வரியே எழுதினேன்."

ஒரு வாரம் சஸ்பெண்ட். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரிடமும் பரிதாபம் தேடாமல், சினிமாவுக்குப் போகிறவர் போல வாசலைத் தாண்டிப் போனார். எனக்கு எழுத்துமூலம் ஒரு எச்சரிக்கை. அதைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று என் மனைவி கேட்டாள்.

அந்த ஒரு வாரத்தில் ஏசி பிரிவில் வேலை தேங்கியது. நான்காம் நாள் ஃபோர்மேன் ஸ்டோர் ஜன்னலில் வந்து நின்று, "முள்ளு எப்போ வருது?" என்று கேட்டார். சொன்னேன். "ம்," என்றார். ஆனால் அன்று மாலையே வேலைச்சீட்டில் தன் கையால் ஒரு கோடு போட்டு, ஏசி கோளாறு என்று வரும் எல்லா வண்டிக்கும் எஞ்சின் சூடு, தண்ணீர் அளவு இரண்டையும் எழுத வேண்டும் என்று சேர்த்தார். ஹெட்டும் கடைசலுக்குப் போனது. நான்கு நாள் ஆயிற்று. யாரும் அவர் தலைமாட்டில் போய் நிற்கவில்லை.

அக்கா திரும்பி வந்த பிறகு இருவரும் முன்புபோலச் சிரித்துப் பேசிக்கொள்ளவில்லை. வேலை பற்றி மட்டும் பேசினார்கள். அது போதும் என்று அக்காவும் நினைத்தார், ஃபோர்மேனும் நினைத்தார் என்றே தோன்றியது.

வேன் மறுபடி மேடு ஏறிய முதல் நாள் அக்கா வேலை நேரத்துக்கு முன்பே வந்து, விசிலுக்குப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். அனுமதி வாங்கினாரா என்று கேட்டேன். "யார்கிட்ட?" என்று கேட்டார். ஏசி காற்று வரும் இடத்தில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகி வைத்தார். பாதி மேடு தாண்டியது. கடைசி வளைவும் தாண்டியது. காற்று ஒரே சீராக வந்தது.

பின்னிருக்கையிலிருந்து ஒரு அம்மா குரல் கொடுத்தாராம். "ரொம்பக் குளிருது. கொஞ்சம் குறைம்மா."

"உச்சிக்குப் போற வரைக்கும் குறைக்க மாட்டேன்மா," என்றார் அக்கா. தன் யூனிஃபார்ம் கோட்டைக் கழற்றிப் பின்னால் நீட்டினார். "இதைப் போர்த்திக்கோங்க. கிரீஸ் வாசனை கொஞ்சம் வரும்."